சிறுநீரகக் கல்லும் சுக்கான் கீரையும்: நிறுத்த வேண்டியது தயிரை அல்ல

ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று வந்ததும் நம் வீடுகளில் முதலில் நிற்பது பாலும் தயிரும். அடுத்த வாரமே, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி, காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் கீரைச் சாறு ஆரம்பமாகிவிடும். சேலத்தில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு, இந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களைப் பார்த்தால்தான் பகீரென்கிறது. செய்ய வேண்டியதற்கு அது நேர் எதிர்.

சுக்கான் கீரையை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். புளிச்சக்கீரைக்கு இருக்கும் மவுசு சந்தையில் இதற்குக் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. புளிச்சக்கீரைக்கு விரல்விரலாகப் பிரிந்த இலை, நாராக உரியும் தண்டு. சுக்கான் இலையில் பிளவு இருக்காது. சதைப்பிடிப்பாக இருக்கும், கிள்ளினால் சாறு கசியும். ஏற்காட்டுப் பக்கம் ஈரமான தோட்ட ஓரங்களிலும் பூந்தொட்டிகளிலும் தானாக முளைக்கிற, மூன்று மூன்று இலையும் மஞ்சள் பூவும் உள்ள புளியாரை இன்னொன்று. அதையும் துவையல் அரைப்பார்கள். களைக்கொல்லி அடிக்கிற இடத்தில் மட்டும் பறிக்க வேண்டாம்.

சுக்கானிலும் புளியாரையிலும் அந்தப் புளிப்புக்கு முக்கியக் காரணம் ஆக்சாலிக் அமிலம். இதன் உப்பு வடிவம்தான் ஆக்சலேட். இது குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய், சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்தால் கல். அதே சேர்க்கை குடலிலேயே நடந்துவிட்டால் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். அதனால்தான் கீரை சாப்பிடுகிற அதே வேளையில் தயிர் வேண்டும் என்கிறேன். மதியம் கீரை, ராத்திரி படுக்கும்போது பால் என்றால் இந்த வேலை நடக்காது. தயிரை அடியோடு நிறுத்தினாலோ, ஆக்சலேட்டுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

சரி, சமையலுக்கு வருவோம். பருப்பையும் கீரையையும் ஒன்றாகக் குக்கரில் போடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு லேசில் குழையாது. ஒரு டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூள் போட்டு நன்றாக வேகவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுச் சுக்கானை மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆக்சலேட்டில் தண்ணீரில் கரைகிற பங்கு ஓரளவு அதோடு போய்விடும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு போகாது. பிறகு சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் மல்லி விதை எல்லாம் வதக்கி, கீரையும் பருப்பும் சேர்த்து மத்தால் கடையுங்கள். தண்ணீரை வடித்ததில் புளிப்புக் குறைந்திருக்கும். அதற்குப் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டாம்; இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கக்கூடியது. கடுகு, வடகம் தாளித்துக் கேழ்வரகுக் களியோடு சாப்பிட்டுப் பாருங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர் வைத்துக்கொண்டு.

வெந்ததும் கீரை பழுப்பேறிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட ஒன்றுமில்லை, புளிப்பு பட்டால் பச்சையம் அப்படித்தான் மாறும். பச்சையாகத் தெரிய வேண்டும் என்று சிலர் சோடா உப்பு போடுகிறார்கள். அது வைட்டமின் சி-யையும் கெடுத்து, சோடியத்தையும் கூட்டும். அலுமினியப் பாத்திரம், ஈயம் பூசாத பித்தளை இரண்டும் இந்தக் கீரைக்கு ஆகாது. மண்சட்டி, எவர்சில்வர், நம் ஊர்க் கல்சட்டி எதுவானாலும் சரி.

துவையலும் நன்றாக வரும். இலையை வதக்கி, எள், வரமிளகாய், பூண்டோடு அரைப்பது. ஆனால் இதில் வடிக்கிற வேலை இல்லை, எள்ளிலும் ஆக்சலேட் உண்டு. கல் வந்தவர் வீட்டில் இதை நான் சிபாரிசு செய்வதில்லை.

வெள்ளிப்பட்டறையில் உலைக்கு முன்னால் நாள் முழுக்க உட்காருகிற ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். “பாலு, தயிரு எல்லாம் நிறுத்திட்டோங்க மேடம். கீரைச் சாறு மட்டும் தவறாம குடுத்துட்டு வர்றேன்” என்றார் அந்தம்மா, பெருமையாக. “தண்ணி எவ்வளவுங்க குடிப்பீங்க?” என்று அவரிடம் கேட்டேன். “வேலைல எங்கங்க ஞாபகம் இருக்குது” என்றார். சேலத்து வெயிலில், உலைச் சூட்டில், தண்ணீர் குடிக்காமல் வியர்த்தால் சிறுநீர் கெட்டிப்படும். கல்லுக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. கல் வந்தவர்களுக்கு ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும் என்பது கணக்கு. உலை முன்னால் இருப்பவர் அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சாறு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒரு கட்டுக் கீரையை உட்கார்ந்து சாப்பிட முடியாது, அரைத்தால் ஒரே மடக்கு. வெறும் வயிறு, கூடவே கால்சியம் ஏதும் இல்லை. கேரளத்தில் ஆக்சலேட் மிகுந்த பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி 2013-ல் மருத்துவ இதழில் வந்தது. அது காய், இது இலை. பாதிப்பை உண்டாக்கும் பொருள் ஒன்றுதான்.

அப்புறம், யாருக்கு இந்தக் கீரையே வேண்டாம்? கால்சியம் ஆக்சலேட் கல் திரும்பத் திரும்ப வருகிறவர்கள், சிறுநீர்ப் பரிசோதனையில் ஆக்சலேட் அதிகம் என்று தெரிந்தவர்கள் சுக்கானையும் புளியாரையையும் விட்டுவிடுவது நல்லது. பாலக்கும் தண்டுக்கீரை வகைகளும் இதே கணக்கில்தான் வரும், அதையும் மறக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியவர்களுக்கு, அதாவது சிறுநீரகத்தின் வேலை குறைந்தவர்களுக்கு, பொட்டாசியம் என்ற கவலையும் உண்டு. எந்தக் கீரையானாலும் சிறுநீரக மருத்துவரைக் கேட்டபிறகே. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாதீர்கள், வைட்டமின் கே ஏறி இறங்கினால் மருந்தின் அளவு தடுமாறும். மற்றவர்கள் வாரம் ஒரு நாள் தாராளமாகக் கடைந்து சாப்பிடலாம்.

தொக்கு போட்டு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது கெடாமல் இருப்பதே உப்பாலும் எண்ணெயாலும்தான். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். தொக்கை ஓரத்தில் தொட்டுக்கொள்ளுங்கள், சோற்றில் பிசைய வேண்டாம்.