பன்றிப் பண்ணையில் கையிலுள்ள கீறலைக் கவனியுங்கள்

பன்றிப் பண்ணைகளுக்குச் செல்லும் கால்நடை மருத்துவர் என்ற முறையில், பன்றிகளைப் பார்ப்பதற்கு முன் பணியாளர்களின் கைகளைப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். குட்டிகளுக்குப் பல் நறுக்கும்போதோ காயடிக்கும்போதோ பட்ட வெட்டு, ஊசி குத்திய தடம், கம்பி கிழித்த கீறல் என ஏதேனும் ஒன்று பெரும்பாலும் இருக்கும். “இது ஒன்றுமில்லை” என்ற பதிலும் கூடவே வரும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைய அந்தக் கீறலே போதும். நலமாக இருக்கும் பன்றியின் மூக்கிலும் டான்சிலிலும் இது குடியிருப்பதால், நன்றாகத் தீனி எடுக்கும் விலங்கிடமிருந்தும் தொற்று வரலாம். மனிதரிடம் இந்நோய் முதன்முதலாக 1968-இல் டென்மார்க்கில் பதிவானது. 2005-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், நோயுற்ற பன்றிகளையும் இறந்த பன்றிகளையும் அறுத்தவர்களிடையே பரவி 38 உயிர்களைப் பறித்தது. மூளையுறை அழற்சியாக வெளிப்படும் இத்தொற்றிலிருந்து பிழைத்தவர்களில் பலர் செவித்திறனை நிரந்தரமாக இழக்கிறார்கள் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது. ஆகவே, காய்ச்சலும் கடுந்தலைவலியும் வந்தால், அதிலும் காது மந்தமானால், அன்றே மருத்துவமனைக்குச் சென்று, கேட்காவிட்டாலும் “பன்றிகளோடு வேலை செய்கிறேன்” என்று சொல்லுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பன்றியின் தோலில் சாய்சதுரத் திட்டுகளை உண்டாக்கும் எரிசிபெலாஸ் கிருமி, மனிதரின் விரலில் எரிச்சலுடன் கூடிய செந்நீல வீக்கமாகத் தோன்றும், பென்சிலினுக்குக் கட்டுப்படும். பன்றிகளுக்கு இதற்கான தடுப்பூசி உண்டு. எலிக்காய்ச்சல் கிருமியோ பன்றியின் சிறுநீர் வழியாகவும் பரவும்.

பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று, தொற்று மனிதரிடமிருந்து பன்றிக்கும் செல்லும் என்பது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வகைகளில், பண்ணைப் பன்றிகளிடம் இன்று பரவலாகக் காணப்படும் ஒன்று, மனிதரிடம் தோன்றிப் பன்றிகளுக்குச் சென்று, அங்கே மருந்தெதிர்ப்பைப் பெற்று, மீண்டும் பண்ணையாளர்களின் மூக்கில் குடியேறியது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மருத்துவர் சொல்லாமல் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை நான் கடிந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

கொட்டிலுக்குள் நுழையும் முன் காயத்தின் மேல் நீர் புகாத கட்டுப் போட்டு, அதன் மேல் கையுறை அணியுங்கள். வெளியே வந்ததும் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுங்கள். பன்றி ஒன்று திடீரென இறந்து கிடந்தால், காரணத்தை அறியும் ஆவலில் நீங்களே அதை அறுத்துப் பார்க்காமல், எங்களை அழையுங்கள்.