கரண்ட் போனால் மீனுக்கு முதலில் வேண்டியது காற்று

“இன்வெர்ட்டர்தான் இருக்கே, அப்புறம் எப்படிண்ணே மீன் செத்துச்சு?” சென்னை கொளத்தூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டு மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் எனக்குக் கோடையில் அடிக்கடி வரும் போன் இது. போய்ப் பார்த்தால் விடை பெரும்பாலும் சுவரிலேயே இருக்கும். ஃபேன், லைட், டிவிக்கெல்லாம் இன்வெர்ட்டர் லைன் போயிருக்கும். தொட்டியின் பிளக் மட்டும் மெயின் லைனில் தொங்கும். வயரிங் செய்தவரிடம் தொட்டியைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

தொட்டியில் லைட், ஃபில்டர், ஏர் பம்ப் என நாலைந்து வயர் ஓடும். எல்லாவற்றுக்கும் பேக்கப் கொடுக்க வேண்டியதில்லை. ஏர் பம்ப் ஓடினால் போதும். அதோடு, அதே பம்பின் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டால், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவும் பிழைத்துக்கொள்ளும்.

25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனுக்கோ ஆக்சிஜன் தேவை கூடும். அதனால்தான் மே மாத மின்தடை டிசம்பர் மின்தடையைவிட மோசம். இரண்டடித் தொட்டியில் நாலு கப்பி இருந்தால் ஒன்றும் ஆகாது. அதே தொட்டியில் பத்து கோல்டு ஃபிஷ் இருந்தால், சில மணி நேரத்திலேயே எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெரும்பாலும் முதலில் போவது பெரிய மீன்தான். ஃபைட்டரும் கௌராமியும் காற்றை நேரடியாகக் குடிக்கும் சாதி. அவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். செடி நிறைய வைத்த தொட்டிக்காரர்கள் இரவு மின்தடைக்குப் பயப்படுங்கள்: வெளிச்சம் இல்லாதபோது செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும்.

வீட்டு ஏர் பம்ப் 3 முதல் 5 வாட். இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் கதை வேறு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரியில் கணக்குக்கு 1800 வாட்-மணி. பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தால் 900. 200 வாட் ஹீட்டர் ஒன்றே நாலரை மணி நேரத்தில் அதை முடித்துவிடும். சென்னை வெயிலுக்குப் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரே தேவையில்லை என்பது என் கருத்து. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பம்ப் உறுமும், சூடாகும். வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ்தான் நல்லது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு, கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறி, போனதும் தானாக ஓடும் ரீசார்ஜபிள் ஏர் பம்ப் கிடைக்கிறது. ‘தானாக’ என்பதைக் கேட்டு வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டைக் காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கொடுக்கும்போது நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், சுவிட்ச் போட வீட்டில் ஆள் இருக்காது. யுஎஸ்பி பம்பைப் பவர் பேங்கில் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பம்ப் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டதாக நினைத்துச் சில பவர் பேங்க் தானே அணைந்துவிடும். ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகு நம்புங்கள். 12 வோல்ட் டிசி பம்ப் இருந்தால் வைஃபை ரூட்டருக்கு விற்கும் குட்டி யுபிஎஸ்ஸே போதும். வோல்ட்டும் பின்னும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கவும்.

இன்னொன்று, பத்து வீட்டில் எட்டு வீட்டில் விட்டுப்போவது: நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது ஏர் டியூபில் மாட்டும், ஒரு பக்கம் மட்டுமே வழிவிடும் குட்டி வால்வு. பம்ப் தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டில் இருக்கும். அது நின்றதும் தண்ணீர் டியூப் வழியே திரும்பி இறங்கி, பம்புக்குள் புகுந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொட்டும். ஷாக் அடிக்க வேறென்ன வேண்டும்? வால்வு விலை ஒரு டீக்காசுதான். மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள். தொட்டிப் பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

2016 வர்தா, 2023 மிக்ஜாம் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் எந்தப் பேட்டரியும் கடைசிவரை வராது. முதல் வேலையாகத் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும்; ஃபில்டர் ஓடாத தொட்டியில் அழுகும் தீனியைத்தான் தாங்காது. மூடியைத் திறந்துவிட்டு, மக்கில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், மணிக்கொரு தரம் ஐந்து நிமிடமாவது. தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றலாம், குளோரின் எடுத்த தண்ணீராக. கரண்ட் இல்லையென்றால் மோட்டாரும் ஓடாது என்பதால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே நாலு பக்கெட் பிடித்து வைப்பது புத்திசாலித்தனம்.

கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஆன் செய்யாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் பல மணி நேரம் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பித்திருக்கும். திறந்தால் அழுகிய முட்டை வாடையே வரும். மின்தடையைத் தாண்டிப் பிழைத்த மீன், இந்தத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்து செத்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு, மீடியாவை (பாக்டீரியா தங்கும் ஸ்பாஞ்ச், செராமிக் துண்டுகளை) தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகு ஓட்டுங்கள். பாக்டீரியா குறைந்தால் மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியா தண்ணீரில் ஏறும்; அடுத்த இரண்டு மூன்று நாள் அதற்கு டெஸ்ட் செய்துகொண்டு, தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.