பீட்டில் ஃப்ளைவீல் நட்டுக்கு உளி எதற்கு?

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இஞ்சின் ஒன்று மறுபடியும் குட்டி யானையில் ஏறி எங்கள் பட்டறைக்கு வந்து இறங்கியிருக்கிறது. ஃப்ளைவீலை, அதாவது இஞ்சின் முனையில் சுற்றும் கனமான பல் சக்கரத்தை, பிடித்திருக்கும் நட்டின் ஆறு மூலையும் மழுங்கிப்போய், சுற்றிலும் உளியால் கொத்திய தழும்பு. ஃப்ளைவீல் பல்லில் கம்பியைச் செருகி, மறுமுனையைக் கிராங்க் கேஸில் (சுழலும் தண்டான கிராங்கை மூடியிருக்கும் இஞ்சின் கூடு) முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பல் நொறுங்கியதோடு கேஸின் காதிலும் விரிசல். கொண்டு வந்தவர் சொன்னது, இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் சொன்னதேதான்: "துரு புடிச்சு இறுகிக் கெடக்குதுங்கண்ணா."

துரு இல்லை ஐயா. அந்த நட்டு இறுகிப்போகவில்லை, இறுக்கப்பட்டிருக்கிறது. மற்ற கார்களில் ஃப்ளைவீலை ஐந்தாறு போல்ட் சேர்ந்து பிடிக்கும். பீட்டிலில் நடுவில் ஒரே ஒரு நட்டுதான், 36 மி.மீ. சைஸ். நட்டு என்று சொல்கிறோமே தவிர, அது போல்ட் மாதிரி கிராங்குக்குள் இறங்குகிற சாமான். கிராங்குக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே நான்கு டோவல் பின் (இரண்டையும் இடம் விலகாமல் கோக்கும் ஆணி) இருந்தாலும், ஃப்ளைவீலை அசையாமல் வைத்திருப்பது இந்த ஒற்றை நட்டின் அழுத்தம்தான். அதனால்தான் கம்பெனி 343 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு மீட்டர் நீளப் பாரின் நுனியில் 35 கிலோ அழுத்துகிற அளவுக்கு இறுக்கச் சொல்கிறது. புது வண்டியிலும் அது அப்படித்தான் இருந்தது. நேற்று மாட்டியதை இன்று கழற்றினாலும் இதே மல்லுக்கட்டுதான். அப்புறம் எதற்கு அதன் தலையில் டப்பா டப்பாவாகத் துரு ஆயில் அடிக்கிறீர்கள்? அந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் இறங்கினால் அதற்கு வேறு தண்டம் அழ வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் டாமி பார் (சாக்கெட்டைத் திருப்பும் கம்பி) 45 செ.மீ. என்றால், நுனியில் கிட்டத்தட்ட 78 கிலோ அழுத்த வேண்டும். அதுவும் இறுக்கிய அளவுக்கு மட்டும். கிளப்புவதற்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே கேட்கும். இரண்டு ஆள் தொங்குவது, ஒருத்தர் ஏறிக் குதிப்பது, சாக்கெட் வழுக்கி முழங்கை பெயர்வது எல்லாம் இங்கேதான் நடக்கிறது. அதே பாரில் ஒன்றரை மீட்டர் பைப் செருகினால் 23 கிலோ போதும். பள்ளிக்கூடப் பையன் சாய்ந்தாலே வந்துவிடும். பலசாலியைத் தேடாதீர்கள், நல்ல பைப்பைத் தேடுங்கள்.

ஃப்ளைவீல் சுற்றாமல் பிடிப்பதுதான் பாதி வேலை. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீலிலிருந்து கழற்றியதும் அதன் ஆறு போல்ட் ஓட்டைகள் கிடைக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கனமான எல் ஆங்கிள் எடுத்து, பக்கத்துப் பக்கத்து ஓட்டை இரண்டுக்குப் பொருந்தும்படி துளை போட்டு, 8 மி.மீ. போல்ட்டால் இறுக்கிவிடுங்கள். போல்ட் முழு மரையும் ஏற வேண்டும். பாதி மரையில் விட்டால் மரை பிய்ந்து வரும். இஞ்சினைத் தரையில் வைத்து, ஆங்கிளின் மறுமுனை தரையில் ஊன்றும்படி திருப்பி, இடஞ்சுழியாகக் கழற்றுங்கள். 'இது லெஃப்ட் த்ரெட்' என்று எவனாவது சொன்னால் அவனை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். மேஜை மேல் வைத்து இந்த வேலையே ஆகாது. நூறு கிலோவை ஒட்டிய இஞ்சின் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாக்கெட் முக்கால் அங்குல டிரைவ் (பார் நுழையும் சதுரத் துளையின் அளவு), ஆறு மூலை. அரை அங்குலத்துக்கு அடாப்டர் போட்டால் அடாப்டர்தான் முறியும். ஏர் கன் வைத்திருப்பவர்கள் இம்பாக்ட் சாக்கெட் போட்டுக் கழற்றலாம், தப்பில்லை. பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மாட்டி அடிக்காதீர்கள், அது வெடித்துச் சிதறும். லாரி டயர்க் கடைகளில் கியர் வைத்த வீல் ஸ்பேனர் இருக்கும். 36 சாக்கெட் பொருந்துமானால் அதுவும் நல்ல வழி.

கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டுகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. பீட்டிலின் கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை. அலுமினியம் என்று நினைத்துத்தான் ஆளாளுக்கு டார்ச்சைப் பிடிக்கிறார்கள். முழுக் கட்டி சட்டென்று பற்றாதுதான், ஆனால் லேத்தில் சீவிய துகள், ஆயில் பிசுக்கு எல்லாம் பற்றி, கிராங்க் கேஸும் பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் சீறும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது. நன்றாகக் காய்ந்த மணல் அல்லது உலோகத் தீக்கான பவுடர்தான் வேண்டும். எத்தனை பட்டறையில் அது இருக்கிறது? தீ பிடிக்காமல் போனாலும், நட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலும் நட்டுக்குள்ளேயே இருக்கும் நீடில் பேரிங்கும் வெந்துபோகும்.

உளி பற்றி ஒன்றே ஒன்று. தெறிக்கும் இரும்புத் துகள் கண்ணைத் துளைத்து உள்ளே போனால் சில சமயம் பெரிதாக வலிக்கக்கூட வலிக்காது, அதனால் வேலையை முடித்துவிட்டு நிதானமாகத் துடைத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவன் கைக்குட்டை நுனியால் எடுக்க விடாதீர்கள். நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சுத்தியலால் அடித்தபோது தெறித்தது என்று மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அறுபது ரூபாய்க் கண்ணாடியைப் போடச் சொன்னால் எங்கள் பையன்களுக்கே கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. கிளட்ச் தூசியையும் ஏர் வைத்து ஊதாதீர்கள். அந்தக் காலத்துப் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

திரும்ப மாட்டும்போது ஷிம் (மெல்லிய வளையத் தகடு) மூன்றும் இருக்கட்டும், கிராங்க் எண்ட் ப்ளே, அதாவது கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி, 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் வரட்டும். ஃப்ளைவீல் மாற்றுவதானால் பல்லை எண்ணிவிட்டு வாங்குங்கள்: 6 வோல்ட் வண்டிக்கு 109, 12 வோல்ட்டுக்கு 130. இறுக்குவதை ஏர் கன்னுக்கு விட்டுவிடாதீர்கள். குறைவாக இறுக்கினால் ஃப்ளைவீல் ஆடி ஆடி டோவல் ஓட்டைகள் முட்டை வடிவமாகும், அப்புறம் கிராங்கைத் தூக்கிக்கொண்டு எட்டு டோவல் போடுகிற மெஷின் ஷாப்பைத் தேட வேண்டும். அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் இல்லை என்று சாக்கு வேண்டாம். நட்டின் மையத்திலிருந்து சரியாக ஒரு மீட்டரில் குறி போட்டு, பைப்பைப் படுக்கை வசமாக வைத்து, அங்கே 35 கிலோ வரும்படி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். பைப்பின் கனத்தையும் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் அசையவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு இஞ்சினைக் கொண்டு வாருங்கள். உளி படாத நட்டுக்குக் கூலி குறைவாகத்தான் வாங்குகிறேன்.