புது வேலை, பழைய சம்பளம்: எவ்வளவு சொன்னால் போதும்?

2024 அக்டோபரில் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்மணி ஒருவர், டிசம்பர் முதல் வாரத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில், ஒருவரின் பான் எண்ணில் பிடிக்கப்பட்ட வரியையெல்லாம் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இன் அச்சுப் பிரதி. "வரிக் கணக்குக்காக எச்.ஆர். இதைக் கேட்டார்கள் சார், அனுப்பிவிட்டேன். இப்போது பக்கத்து மேசைக்காரர், வீட்டை எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று விசாரிக்கிறார்" என்றார்.

தாளைப் பார்த்தேன். அப்பா விட்டுச் சென்ற வீட்டை அந்த ஆண்டு விற்றிருக்கிறார். 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தை வாங்குபவர் ஒரு சதவீத வரி பிடித்துக் கட்ட வேண்டும். அந்தத் தொகை விற்றவரின் பான் எண்ணில் பதிவாகும். நூறால் பெருக்கத் தெரிந்தவருக்கு விலை தெரிந்துவிடும். வங்கி வைப்பின் வட்டியும் அதே தாளில் இருந்தது. அவருடைய சம்பளத்தில் வரி பிடிக்க இவற்றில் ஒன்றுமே தேவையில்லை.

ஆண்டின் நடுவில் வேலை மாறுகிறவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு இது. புது இடத்தில் நல்ல பெயர் எடுக்கும் அவசரத்தில், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். என்ன கேட்கலாம், என்ன கொடுத்தால் போதும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

புதிய முதலாளிக்கு உண்மையில் தேவைப்படுவது படிவம் 12பி. பழைய நிறுவனத்தின் பெயர், அதன் பான் எண், டான் (வரி பிடிப்பவருக்கான எண்), வேலை பார்த்த காலம், அந்த ஆண்டில் அங்கே வாங்கிய சம்பளம், பி.எஃப். பிடித்தம், கட்டிய வரி ஆகியவை அதில் இருக்கும். அதற்குச் சான்றாகக் கடைசி மாதச் சம்பளச் சீட்டும் வரிக் கணக்கீட்டுத் தாளும் போதும். சம்பளச் சீட்டில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துக் கொடுங்கள். சில இடங்களில், பழைய முதலாளி தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ஐ, அதுவும் நடப்பு ஆண்டுக்கு, கேட்டு நச்சரிக்கிறார்கள். நிதியாண்டு முடிந்து, ஜூன் 15-க்குள்தான் அது கைக்கு வரும். நவம்பரில் அதைக் கேட்டால் எங்கிருந்து கொடுப்பது?

இந்த 12பி-யும் கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192(2) பிரிவு, ஊழியர் விவரம் தரலாம் என்றுதான் சொல்கிறது. தந்துவிட்டால் முதலாளி அதைச் சேர்த்துத்தான் வரி பிடிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தின்படி பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. இங்கே சொல்லும் கணக்கு 2024-25 நிதியாண்டுக்கு உரியது என்பதால் பழைய எண்களையே தருகிறேன்.

பழைய சம்பளத்தைச் சொல்ல விரும்பாததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கலாம். அடிமட்டச் சம்பளத்திலிருந்து போராடி மேலே வந்தவர், அது இனியும் தன்னைத் துரத்த வேண்டாம் என்று நினைக்கலாம். அது அவருடைய உரிமை என்றே நான் கருதுகிறேன். ஆனால் சொல்லாமல் விட்டால் வரும் சுமை என்ன என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

ஒருவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 1,00,000 ரூபாய், அக்டோபர் முதல் மார்ச் வரை புது இடத்தில் 1,25,000 ரூபாய் வாங்குகிறார் என்று கொள்வோம். புதிய வரி முறை. ஆண்டு முழுவதும் இங்கேதான் இருப்பார் என்று எண்ணி வரி பிடித்த பழைய நிறுவனம், ஆறு மாதத்தில் 35,750 ரூபாய் பிடித்திருக்கும். புது நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது 7,50,000 மட்டுமே. சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவு 75,000 போனால் மீதி 6,75,000. அந்த ஆண்டின் வரம்பான ஏழு லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். மாதாமாதம் முழுச் சம்பளம் கைக்கு வரும், மனம் குளிரும். ஆனால் மொத்தச் சம்பளம் 13,50,000. செஸ் என்னும் கூடுதல் வரியோடு சேர்த்து உண்மையான வரி 98,800 ரூபாய். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது 63,050 ரூபாய் பாக்கி எழுந்து நிற்கும். முன்கூட்டிய வரியை உரிய தவணையில் கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின் வட்டியும் கூடவே வரும்.

ஆகவே ரகசியம் காக்க விரும்புகிறவர், முன்கூட்டிய வரியைத் தாமே கட்டிவிட வேண்டும். டிசம்பர் 15-க்குள் முக்கால் பங்கு, மார்ச் 15-க்குள் முழுவதும். வருமான வரித் தளத்தில் சலான் எடுத்து வீட்டிலிருந்தே கட்டலாம். ஜூன், செப்டம்பர் தவணைகள் தவறியதற்குச் சிறு வட்டி வரலாம், அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாடு தம்மிடம் இருக்காது என்று தோன்றுகிறவர்கள் 12பி கொடுத்துவிடுவதே நல்லது.

எந்த நிலையிலும் கொடுக்கக் கூடாதவை 26ஏஎஸ்-உம் ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையும். பங்கு விற்றது, ஈவுத்தொகை, மியூச்சுவல் ஃபண்டு வாங்கியது என்று குடும்பப் பொருளாதாரமே ஏஐஎஸ்-இல் இருக்கிறது. பூட்டிய கோப்புதானே என்று நினைக்காதீர்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பான் எண்ணும் அதோடு பிறந்த தேதியும்தான் அதன் கடவுச்சொல். இரண்டையும் சேர்ந்த அன்றே எச்.ஆருக்குக் கொடுத்திருப்பீர்கள். முன் அனுபவத்தைச் சரிபார்க்க 26ஏஎஸ் வேண்டும் என்றால் ரிலீவிங் லெட்டரையும் சம்பளச் சீட்டையும் கொடுங்கள். வருமான வரித் தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கான 80டிடி கழிவை அலுவலகத்தில் சொல்லித்தான் பெற வேண்டும் என்பதில்லை. உரிய சான்றிதழோடு ரிட்டர்னில் நேரடியாகக் கோரலாம். பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பி வரும். சில மாதம் பணம் முடங்கும்தான். ஆனால் பிள்ளையின் நிலையை யாரிடம், எப்போது சொல்வது என்பது பெற்றோர் கையிலேயே இருக்கும்.

அந்தப் பெண்மணியை என் எதிரிலேயே உட்கார வைத்து ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். "வரிப் பிடித்தத்துக்குப் படிவம் 12பி-யை இணைத்திருக்கிறேன். முன்பு அனுப்பிய 26ஏஎஸ் இதற்குத் தேவையில்லை. அதை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். அதை யார் யார் பார்த்தார்கள் என்பதையும் தெரிவியுங்கள்." மூன்றாம் நாள் பதில் வந்தது: அழித்துவிட்டோம், 12பி போதும். யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதைக் கேட்டு இரண்டாவது கடிதமும் எழுத வைத்தேன்.