வெந்நீரில் பூக்கும் கந்தகம்

போன மாதம் ஒரு வாசகி சில படங்கள் அனுப்பியிருந்தார். டோக்கியோவில் வேலை பார்க்கும் மகனோடு ஜப்பானின் வடக்கே அகிதா மலைப்பக்கம் போய், ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கியிருக்கிறார். படத்தில் சுற்றிலும் இடுப்பளவு பனி, நடுவில் ஆவி பறக்கும் குளம். குளத்து நீர் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தது. "இதில் சுண்ணாம்பு எதுவும் கரைக்கிறார்களா? முதல் நாள் குளத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அப்போது லேசான நீலமாகத் தெரிந்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் சுத்த வெள்ளை. என் கண்ணில்தான் கோளாறா?" என்று கேட்டிருந்தார்.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. நீங்கள் பார்த்தது உண்மை. அதைக் கவனித்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

நீங்கள் போன நியூட்டோ பகுதிக்கு நானும் சில ஆண்டுகளுக்கு முன் போயிருக்கிறேன். டஸாவா ஏரி ரயில் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் முக்கால் மணி நேரம் மலையேற வேண்டும். நியூட்டோ என்றால் முலைக்காம்பு என்று பொருள். தண்ணீர் பால் போல இருப்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். 1,478 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் வடிவத்தால் வந்த பெயர் அது. அடிவாரக் காட்டில் ஏழு விடுதிகள். அவற்றில் மிகப் பழையது ட்சுருநோயு, 'கொக்கின் வெந்நீர்'. காயம்பட்ட கொக்கு ஒன்று அங்கே குளித்துக் குணமானதை ஒரு வேட்டைக்காரர் பார்த்தார் என்பது கதை. 17ஆம் நூற்றாண்டில் அகிதா பிரபுவும் வந்து குளித்திருக்கிறார். அங்கே 50 மீட்டர் வட்டத்துக்குள் நான்கு ஊற்றுகள் இருக்கின்றன. நான்கு தண்ணீரும் நான்கு விதம்.

நான் தங்கியது வேறொரு விடுதியில். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, யுகாட்டா என்கிற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி கட்டிக்கொள்ள வேண்டும். மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. குளத்தில் இறங்குவதற்கு முன்பே வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட வேண்டும். குளம் ஊறுவதற்கு மட்டும்தான். இரவுச் சாப்பாட்டில் மலைக்கிழங்கை அரைத்துப் பிடித்த உருண்டைகள் மிசோ குழம்பில் கொதித்துக்கொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போய் ஊறினேன். காலையில் பார்த்தால் கால் மெட்டி இரண்டும் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன. வெள்ளி நகையைக் கழற்றிவிடச் சொல்லும் பலகை குளியலறை வாசலிலேயே இருந்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மெட்டிக்குக் கடைசியில் வருகிறேன்.

பூமிக்குள் நடப்பது பள்ளியில் படித்ததுதான். மழையும் உருகிய பனியும் பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்குகின்றன. எரிமலைப் பிரதேசம் என்பதால் ஆழத்தில் பாறைக்குழம்பின் சூடு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடும் ஒன்று. அது தண்ணீரில் கரைகிறது, சூடான தண்ணீர் மேலே ஏறுகிறது. பூமிக்குள் ஆக்சிஜன் கிடையாது. அதனால் கரைந்த ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஊற்றின் வாயில் ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தால் குடிநீர் போலத் தெளிவாக இருக்கும். அழுகிய முட்டை வாசனை மட்டும் மூக்கைத் துளைக்கும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

தண்ணீர் வெளியே வந்து காற்றைத் தொட்டதும் ஆக்சிஜன் உள்ளே கரைகிறது. ஹைட்ரஜன் சல்பைடில் இருக்கும் ஹைட்ரஜனை அது பிடித்துக்கொண்டு தண்ணீராகிவிடுகிறது. கந்தகம் தனித்து நிற்கிறது. கந்தக அணுவுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. எட்டு அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாகின்றன. தட்டையான வளையம் இல்லை, கிரீடம் மாதிரி மேலும் கீழுமாக நெளிந்த வளையம். இந்த வளையத்துக்கும் தண்ணீருக்கும் ஒட்டுறவே கிடையாது. கரைய முடியாததால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒண்டிக்கொள்கின்றன. பத்து, நூறு, ஆயிரம் என்று சேர்ந்து ஒரு துகள் பிறக்கிறது.

இப்போது தண்ணீரில் இருப்பது கரைசலும் இல்லை, அடியில் தங்கும் வண்டலும் இல்லை. பாடப்புத்தகத்தில் கூழ்மம் என்று படித்தோமே, அது. துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரிலேயே மிதக்கின்றன. முதலில் அவை மிகவும் பொடிசு, நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியவை. அவ்வளவு சிறிய துகள் சிவப்பை விட்டுவிட்டு நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும். அலைநீளம் குறையக் குறைய சிதறல் அதன் நான்காம் அடுக்கின் கணக்கில் ஏறும். 400 நானோமீட்டர் ஊதா ஒளி 700 நானோமீட்டர் சிவப்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும். வானம் நீலமாக இருப்பதற்கான அதே கணக்குத்தான். முதல் நாள் மாலை வாசகி பார்த்த நீலம், குளத்துக்குள் இருந்த வானத்தின் நீலம்.

துகள்கள் அதோடு நிற்பதில்லை, வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் அளவு ஒளியின் அலைநீளத்தை எட்டும்போது நீலத்துக்கு இருந்த சலுகை போய்விடுகிறது. எல்லா நிறமும் ஏறக்குறைய சமமாகச் சிதறும். எல்லா நிறமும் சேர்ந்தால் வெள்ளை. பாலும் மேகமும் வெள்ளையாக இருப்பது இதனால்தான். அப்புறம் துகள்கள் இன்னும் திரண்டு, கனம் தாங்காமல் அடியில் படிகின்றன. அந்தப் படிவை ஜப்பானியர்கள் யுநோஹனா என்கிறார்கள், 'வெந்நீரின் பூ'. ஒரு வேதிவினையின் முடிவுக்கு இதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை.

தெளிவு, நீலம், வெள்ளை, கடைசியில் பூ. தண்ணீருக்கு வயதாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூக்காலும் அறியலாம். திடக் கந்தகத்துக்கு வாசனை கிடையாது. நாம் 'கந்தக வாடை' என்று சொல்வது ஹைட்ரஜன் சல்பைடின் வாடை. ஒரு கந்தக அணு ஒன்று வாயுவாக இருந்து மூக்குக்கு வரும், இல்லையென்றால் துகளில் சேர்ந்து கண்ணுக்கு வரும். இரண்டுமாக இருக்க முடியாது.

சோடியம் தயோசல்பேட் கரைசலில் அமிலம் ஊற்றி, அடியில் தாளில் வரைந்த பெருக்கல் குறி மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று ஆய்வகத்தில் கணக்கெடுத்தவர்கள் இந்தக் காட்சியை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குறியை மறைத்ததும் கந்தகக் கூழ்மம்தான். வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஒரு டம்ளர் தண்ணீரில் சில துளி பால் விட்டு, இருட்டில் பக்கவாட்டில் செல்போன் விளக்கை அடியுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம். விளக்குக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் அந்தி மஞ்சள்.

பயணிகளிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வெள்ளை கூடக் கூடத் தண்ணீருக்கு வீரியம் அதிகம், தெளிந்த நீர் போலி. உண்மையில் வெளுத்த நீர் காற்றில் பழகிய நீர், தெளிந்த நீர் இப்போதுதான் பூமியை விட்டு வந்த நீர். இந்த நம்பிக்கை சாதாரணமானதில்லை. 2004இல் நாகானோ மாநில மலைப்பகுதியிலுள்ள ஷிராஹோனே என்ற வெந்நீர் ஊற்று ஊரில் சில குளியல் இடங்கள் நீரில் குளியல் பொடி கலந்து வெண்மை ஏற்றியது தெரியவந்து நாடே அதிர்ந்தது. விருந்தினர் வெள்ளையை எதிர்பார்க்கிறார்கள், இயற்கை அன்றைக்கு வெள்ளையைத் தரவில்லை, அவ்வளவுதான் காரணம். மறு ஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. தண்ணீரில் எதையாவது சேர்த்தால் பலகையில் எழுதியாக வேண்டும்.

'உடம்பின் நஞ்சையெல்லாம் இந்தத் தண்ணீர் உறிஞ்சி எடுத்துவிடும்' என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். வெந்நீரின் சூடு ரத்தக்குழாய்களை விரிக்கிறது, மிதப்பு மூட்டுகளின் பாரத்தைக் குறைக்கிறது. வலி தணிய இவ்விரண்டே பெரிய விஷயம். நஞ்சை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும்.

வாயுவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. 2005 டிசம்பரில் இதே அகிதாவில் டோரோயு என்ற ஊற்று ஊரில், பனிக்குழியில் தேங்கியிருந்த இந்த வாயுவால் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 'உள்ளே போகாதீர்' என்று கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். குளியலறைச் சன்னல் திறந்திருந்தால், எவ்வளவு குளிரடித்தாலும் அதை மூடாதீர்கள்.

ஜப்பானில் என்னை மிகவும் ஈர்த்தது குளியலறைச் சுவரில் தொங்கும் ஒரு சாதாரணக் காகிதம். வெப்பநிலை, அமிலத்தன்மை, ஒவ்வொரு அயனியும் ஒரு கிலோ நீரில் எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி, ஒன்றை வெந்நீர் ஊற்று என்று சொல்ல அதில் 25 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும், அல்லது பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவுக்கு இருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளக்கவும் வேண்டும். நாடு முழுக்க சுமார் 27,000 ஊற்றுகள். இப்படி அலுக்காமல் அளந்து வைக்கும் வேலைக்கு யாரும் பரிசு தருவதில்லை. ஆனால் ஓர் எரிமலையின் மனநிலை மாறினால் அந்த எண்களில் தெரியும். இந்தியாவிலும் 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உண்டு, பல இடங்களில் கோயில் இருக்கிறது. புனித நீரின் பக்கத்தில் அதன் பகுப்பாய்வையும் மாட்டி வைத்தால் புனிதம் குறைந்துவிடாது. அதற்கான பணத்தை மாநில ஆய்வகங்களுக்குத் தொடர்ந்து ஒதுக்க வேண்டும், ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

சரி, மெட்டி. ஹைட்ரஜன் சல்பைடிலிருந்த கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பு வெள்ளி சல்பைடாகியிருந்தது. தேய்த்தால் வெள்ளியும் சேர்ந்து போகும். ஊருக்கு வந்ததும் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் மெட்டியை வைத்து, சமையல் சோடா போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றினேன். அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுக்க, வெள்ளி கந்தகத்தை விட்டுவிட்டுப் பழையபடி வெள்ளியாகிறது. சில நிமிடத்தில் மெட்டி பளிச்சென்று ஆனது. கிண்ணத்தின் மேல் குனிந்து பார்த்தேன். எங்கள் சமையலறையில், மிக லேசாக, அழுகிய முட்டை வாசனை.