ஊதியும் வெளியே வராத காற்று

பல்லடத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அப்பா நூல் மில்லில், பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங் பிரிவில் 25 வருடம் வேலை பார்த்தவர். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பரிசோதித்ததில், முழுக்க ஊதிய பிறகும் நுரையீரலில் 3 லிட்டர் காற்று தங்குவதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. "ஊதின காத்தை மெஷின் அளக்குது, சரிங்க. வெளியவே வராத காத்தை எப்படிங்க அளந்தாங்க?" என்று கேட்கிறார்.

ஊதும் காற்றை அளப்பது எளிது. சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர். தம் கட்டி இழுத்து, கடைசிவரை ஊதினால் ஏறக்குறைய நாலரை லிட்டர். உயரம், வயதைப் பொறுத்து மாறும். இதுதான் உயிர்ப்புத்திறன். ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-லேயே, தண்ணீரில் கவிழ்த்த பாத்திரத்துக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊத வைத்து இதை அளந்துவிட்டார். ஊதும் காற்றை அளக்கும் இன்றைய கருவியான ஸ்பைரோமீட்டர் இன்னொன்றும் சொல்லும்: முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வந்தது என்று. மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அந்த அளவு குறையும்.

ஆனால் எவ்வளவு ஊதினாலும், நல்ல நுரையீரலிலும் 1.2 லிட்டர் போல உள்ளேயே நிற்கும். விலா எலும்புக்கூடு அதற்கு மேல் சுருங்காது. சிறு குழாய்களும் மூடிக்கொள்ளும். அது நின்றால்தான் நல்லது. முற்றிலும் சப்பிப்போன பலூனை முதலில் ஊத எவ்வளவு தெம்பு வேண்டும்! ஒவ்வொரு மூச்சுக்கும் அப்படிப் பாடுபட முடியுமா?

சரி, அதை அளப்பது எப்படி? திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை செய்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியவில்லை. அளவு தெரிந்த சாயத்தை ஊற்றிக் கலக்குகிறோம். தண்ணீர் அதிகமென்றால் நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்று பார்த்தால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுவிடலாம். நுரையீரலுக்கு அந்தச் சாயம் ஹீலியம். ரத்தத்தில் அது அனேகமாகக் கரைவதே இல்லை. அதனால் கணக்கிலிருந்து நழுவாது.

கருவியில் 4 லிட்டர் காற்று, அதில் 10 சதவீதம் ஹீலியம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 0.4 லிட்டர் ஹீலியம். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நொடியில் நோயாளியைக் கருவியோடு இணைத்து, சில நிமிடம் அதே காற்றைச் சுவாசிக்க வைக்கிறார்கள். கரியமில வாயுவை வடிகட்டி, ஆக்சிஜனை ஈடுகட்டிக்கொண்டே இருப்பார்கள். முடிவில் ஹீலியம் 6.25 சதவீதமாக இறங்கிவிட்டது. 0.4 லிட்டர் 6.25 சதவீதமென்றால் மொத்தம் 6.4 லிட்டர். கருவியின் 4 லிட்டரைக் கழித்தால் நுரையீரலில் இருந்தது 2.4 லிட்டர். அங்கிருந்து முயன்று ஊதினால் வரும் 1.2 லிட்டரையும் கழியுங்கள். மிச்சம் 1.2 லிட்டர், கைபடாத காற்று! ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1800-லேயே ஹைட்ரஜனைச் சுவாசித்துத் தன் நுரையீரலை இப்படித்தான் அளந்தார்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெல்லம் தின்றால் பஞ்சுத் தூசி போய்விடும் என்று நம் பக்கம் பலர் நம்புகிறார்கள். வெல்லம் உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகும். தூசி மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகிறது. பஞ்சுத் தூசி நோயில், வாரவிடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் நெஞ்சு இறுகும். அன்று ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னாலே, குறைகிறதா என்று தெரிந்துவிடும். மில் இருக்கிற ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலெல்லாம் இந்தக் கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவதை வீண் செலவு என்று யாரும் சொல்லக் கூடாது.

அப்புறம், ஹீலியம் முறைக்கு ஒரு குறை உண்டு. குழாய் அடைபட்டுச் சிக்கிக்கொண்ட காற்றோடு ஹீலியம் கலக்காது. கணக்கு குறைவாக வரும். அதற்குத்தான் கண்ணாடிப் பெட்டி. உள்ளே உட்கார வைத்து, மூடிய குழாய்க்கு எதிராக மூச்சை இழுக்கச் சொல்வார்கள். நெஞ்சு விரியும்போது பெட்டியின் அழுத்தம் துளி ஏறும், வாயில் அழுத்தம் இறங்கும். பள்ளியில் படித்த பாயில் விதி (வெப்பநிலை மாறாதபோது, காற்றின் அழுத்தம் குறைந்தால் அதன் கன அளவு அதே விகிதத்தில் கூடும்) மீதியைச் சொல்லிவிடும், சிக்கிய காற்றையும் சேர்த்து. உங்கள் அப்பாவுக்கு எந்த முறையில் பார்த்தார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு முறையிலும் எடுத்திருந்தால், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏறக்குறைய சிக்கிக்கிடக்கும் காற்று.