பள்ளிக்குள் போலீஸ் விசாரணை: பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது யார்?

பள்ளிக்குப் போலீஸ் வந்து உங்கள் பிள்ளையை விசாரித்தால், எந்த முறையில் விசாரிக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். குற்றம் செய்ததாகச் சந்தேகமா, பாதிக்கப்பட்ட பிள்ளையா, இல்லை சாட்சியா? பெற்றோருக்கான உரிமை இதை வைத்தே மாறுகிறது.

18 வயது நிரம்பாதவரைக் குற்றச்சாட்டின் பேரில் பிடித்தால், பெற்றோருக்கு உடனே தெரிவித்தாக வேண்டும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 13ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. சொல்ல வேண்டியவர் அந்தக் காவல் நிலையத்தின் குழந்தை நலக் காவல் அலுவலர். சட்டம் இந்தப் பொறுப்பைப் பள்ளிக்குத் தரவில்லை, 'ஹெச்.எம். சொல்லியிருப்பார்னு நினைச்சோம்' என்று போலீஸ் தட்டிக்கழிக்க முடியாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, பிள்ளையை சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது.

விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதை இந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் விரிவாகச் சொல்கின்றன. கைவிலங்கு கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வாக்குமூலம் எதிலும் பிள்ளையிடம் கையெழுத்து கேட்கக் கூடாது. விசாரணையின்போது பெற்றோர் உடன் இருக்கலாம். பிள்ளைகளிடம் பேசும் போலீசார் கூடியவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் போலீஸ்தான் பேச வேண்டும்.

இந்த விதிகள் மீறப்படாமல் இல்லை. 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் நகரப் பள்ளி ஒன்றில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிய நாடகத்துக்காக மாணவர்களைப் போலீசார் விசாரித்தார்கள். போலீசார் சீருடையில் ஆயுதத்தோடு இருந்ததைப் படங்களில் பார்த்த கர்நாடக உயர் நீதிமன்றம், இது குழந்தைகளின் உரிமையை மீறும் செயலாகவே தெரிகிறது என்று 2021 ஆகஸ்டில் கடிந்துகொண்டது.

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். பெற்றோரோ பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்கும்போதுதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், சீருடை கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

பாதுகாப்பு மெலிந்திருப்பது சாட்சியாக விசாரிக்கப்படும் பிள்ளைக்குத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவுப்படி, 15 வயதுக்குட்பட்ட சிறுவனையும் எந்த வயதுப் பெண்ணையும், அவர்கள் சம்மதித்தால் தவிர, ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. வசிக்கும் இடத்துக்கே போய் விசாரிக்க வேண்டும். ஆனால் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. 15, 16, 17 வயதுப் பையன்களுக்கு ஸ்டேஷன் விலக்கும் கிடையாது. இது பெரிய குறை. சட்டம் திருத்தப்பட வேண்டும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள்: 'போலீஸ் என் பிள்ளையை விசாரிக்க வந்தால் உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நான் வரும்வரை ஓர் ஆசிரியர் கூடவே இருக்கட்டும்.' சட்டப்படி பள்ளியை இது கட்டுப்படுத்தாது என்றாலும், பதற்றமான நேரத்தில் ஆசிரியருக்குப் பேச ஒரு பிடிமானம் கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிள்ளையை ஏற்கெனவே அழைத்துப் போய்விட்டார்களா? ஸ்டேஷனில் குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று பெயர் சொல்லக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இலவச வழக்கறிஞர் உதவிக்கு 15100.